கேட்டீர்கள், எழுதுகிறேன்: பகல் நேரத்துப் பேச்சு நிகழ்ச்சிகள்

சென்ற இதழின் பதில் ஒன்றில், தொண்ணூறுகளில் தொலைக்காட்சியில் வந்த அமெரிக்கப் பகல் நேரத்துப் பேச்சு நிகழ்ச்சிகளைப் (டாக் ஷோ) பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து மட்டுமே இத்தனை கடிதங்கள் வந்திருப்பது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இவற்றுக்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வெளிக்காட்டு வேலை (தோட்டத்து ரப்பர் காட்டில் செய்யும் வேலை) முடிந்து வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டில் கூடி உட்கார்ந்து, வெள்ளைக்காரர்களின் பேச்சு நிகழ்ச்சிகளைப் பார்ப்போம். மொழியே புரியாத எங்களுக்கு அவை ஏன் அவ்வளவு பிடித்தன? இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.
(ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளி, சுங்கை சிப்புட்)

அம்மா, அமெரிக்காவில் அந்த நிகழ்ச்சிகள் கணவரை வேலைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டு வீட்டில் தனியாக இருந்த பெண்களை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை. இடையிடையே வந்த சோப்பு, சலவைத்தூள் விளம்பரங்களும் அவர்களுக்காகவே வந்தன. நம் தோட்டத்துப் பெண்களின் பகல் வேறு மாதிரியானது. விடியுமுன்பே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, இருட்டு விலகாத நிரையில் (மர வரிசையில்) விளக்கு வெளிச்சத்தில் மரம் சீவி, மங்குகளில் (கிண்ணங்களில்) சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால், நடுப்பகலுக்குள் அன்றைய கூலி வேலை முடிந்துவிடும். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால்தான் அந்த வேலைக்கு அப்படி ஒரு நேரம் அமைந்தது. ஆகவே, வேறொரு நாட்டில் வேறொரு காரணத்துக்காகக் குறிக்கப்பட்ட ஒளிபரப்பு நேரம், பால்வெட்டுத் தொழிலாளியின் ஓய்வு நேரத்தோடு தானாகவே பொருந்திப்போயிற்று.

அந்த ஓய்வு நேரத்தில் தொலைக்காட்சி நுழைந்தது தாமதமாகத்தான். இந்நாட்டில் தொலைக்காட்சி 1963-இல் தொடங்கியது என்றாலும், பல தோட்டங்களில் நிருவாகத்தின் மின்னாக்கி மாலையில் ஓடத் தொடங்கி, இரவு பத்து மணி வாக்கில் நின்றுவிடும். பகலில் மின்சாரம் கிடையாது. கார் மின்கலத்தை இணைத்துப் படம் பார்த்த வீடுகளும் உண்டு. நாள் முழுவதும் மின்சாரம் கிடைத்து, 1996-இல் கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவும் வந்த பிறகுதான் பகல் நேரத் தொலைக்காட்சி என்பது பலருடைய வாழ்க்கையில் ஓர் அன்றாடப் பழக்கமானது. நீங்கள் ஏங்குகிற காலம் உண்மையில் மிகவும் குறுகியது. அதற்குள்ளாகவே ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) காலியாகத் தொடங்கிவிட்டன.

மொழியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் சித்தியின் வீட்டு முன்னறை எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. பாயில் ஆறேழு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். விரல் இடுக்குகளில் ஒட்டிக் காய்ந்த பாலை உருட்டி எடுத்துக்கொண்டே, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடிப்பார்கள். படிவம் மூன்றில் படித்த சித்தி மகள் பள்ளியிலிருந்து வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல், திரையின் அடியில் ஓடும் மலாய் வரிகளை வாசித்துத் தமிழில் சொல்லத் தொடங்குவாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மூத்த பாட்டி ஒருவர், "அந்தம்மா புருசன் குடிக்கிறான், அதச் சொல்ல வெக்கப்படுது பாரு" என்பார். பெரும்பாலும் அதுவே சரியாக இருக்கும். ஒரு பெண் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறாள், எதைச் சொல்லும்போது தலையைக் குனிகிறாள் என்பதைப் படிக்க அந்தப் பாட்டிக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

கூலிக் குறைவு பற்றிப் பேசத் தொழிற்சங்கம் இருந்தது. வேலைத் தகராறு என்றால் கங்காணியிடமும் கிராணியிடமும் (தோட்டத்து எழுத்தரிடமும்) போகலாம். வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லத்தான் இடமே இல்லை. அதைச் சபையில் ஒருத்தி சொல்கிறாள், ஓர் அரங்கமே குறுக்கிடாமல் கேட்கிறது என்னும் காட்சி உங்களைக் கட்டிப்போட்டதில் வியப்பு இல்லை. நீங்கள் ஏங்குவது அப்படிக் கேட்கப்பட்டதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: பார்வையாளர்களிடையே ஒலிவாங்கியைக் கொண்டுபோகும் வழக்கத்தைத் தொடங்கியவர் யார்? ஓப்ராவா?
(தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

அமெரிக்கப் பேச்சு நிகழ்ச்சி நடத்துநர் ஓப்ரா வின்ஃப்ரே அல்லர். அவருக்கு முன்னோடியான பில் டோனஹியூதான் அந்த வழக்கத்தை நிலைநாட்டியவர். அவருடைய நிகழ்ச்சி 1967 நவம்பர் 6-ஆம் நாள், ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் தொடங்கியது. முதல் விருந்தினராக வந்தவர், அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்பதை எதிர்த்து வழக்காடிய நாத்திகர் மேடலின் மரே ஓஹேர். அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களோ, அதே நேரத்தில் முன்பு நடந்துவந்த வேறொரு பல்சுவை நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தவர்கள். விளம்பர இடைவேளைகளில் அவர்கள் விருந்தினரிடம் கேட்ட கேள்விகள் தன்னுடைய கேள்விகளைவிட நன்றாக இருப்பதை டோனஹியூ கவனித்தார். பிறகு ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கட்டுகளில் ஏறி அவர்களிடமே போய்விட்டார். ஒரே விருந்தினர், ஒரே பொருள், வாத்தியக் குழு இல்லை, ஆடல் பாடல் இல்லை என்பது அவர் கடைப்பிடித்த முறை. நிகழ்ச்சி 1974-இல் சிகாகோவுக்கும், 1985-இல் நியூயார்க்குக்கும் மாறி, 1996-இல் முடிந்தது. பனிப்போர்க் காலத்திலேயே சோவியத் நாட்டுக்குப் போய் அங்குள்ள மக்களைப் பேசவைத்தவர் அவர். 2024 ஆகஸ்டில், 88-ஆம் வயதில் காலமானார். சாதாரணப் பார்வையாளரின் கேள்விக்குத் தன் கேள்விக்குச் சமமான மதிப்பைக் கொடுத்தார் என்ற ஒரு காரணத்துக்காகவே, என் மதிப்பில் இந்தத் துறையில் முதலிடம் அவருக்குத்தான்.

ஓப்ரா செய்தது இன்னொரு வகையில் பெரியது. 1984 ஜனவரியில், சிகாகோவில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு காலை நிகழ்ச்சியை ஏற்றுக்கொண்ட அவர், அதே ஊரில் இருந்த டோனஹியூவைச் சீக்கிரமே பார்வையாளர் எண்ணிக்கையில் முந்தினார். 1986 செப்டம்பர் 8 முதல் நாடு முழுவதும் அவருடைய நிகழ்ச்சி ஒளிபரப்பானது. மிசிசிப்பியில் பாட்டியின் பண்ணையில் வறுமையில் வளர்ந்தவர். சிறுவயதில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை, அதே துன்பத்தைச் சொல்லவந்த விருந்தினர்களின் முன்னால் தன் வாயாலேயே சொன்னவர். விசாரிக்கிறவர், விசாரிக்கப்படுகிறவர் என்று அதுவரை இருந்த கோடு அத்தோடு அழிந்துபோயிற்று. ஆசிரியை என்பதால் உங்களுக்கு இதையும் சொல்லத் தோன்றுகிறது: 1996-இல் அவர் தொடங்கிய வாசகர் வட்டம், பகலில் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் படிக்கமாட்டார்கள் என்ற எண்ணத்தைத் தவறாக்கியது. அவர் கையில் எடுத்துக் காட்டிய நாவல்கள் இலட்சக்கணக்கில் விற்றன.

கேள்வி: ஓப்ராவின் நிகழ்ச்சி எப்போது முடிந்தது? மொத்தம் எத்தனை பகுதிகள்?
(வாசகர், சுங்கை சிப்புட்)

2011 மே 25-இல் முடிந்தது. மொத்தம் 4,561 பகுதிகள். கடைசிப் பகுதியில் விருந்தினர் யாரும் இல்லை. அவர் மட்டுமே பேசினார்.

கேள்வி: அந்த நிகழ்ச்சிகளை எல்லாரும் புகழ்கிறீர்கள். அடுத்தவர் கண்ணீரை விற்றுப் பணம் சம்பாதித்தவைதானே அவை?
(இளம் வழக்குரைஞர்)

உங்கள் கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. பழைய நினைவின் இனிமைக்காக அதை நான் மழுப்பப்போவதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போட்டி கூடியபோது, பேச்சைக் கேட்பதைவிடச் சண்டையைக் காட்டுவது இலாபம் என்று பல தயாரிப்பாளர்கள் கண்டுகொண்டார்கள். 1995 மார்ச்சில், ஜென்னி ஜோன்ஸ் நிகழ்ச்சியின் ஒளிப்பதிவுக்கு ஓர் இளைஞர் அழைக்கப்பட்டார். அவரை இரகசியமாக விரும்புபவர் யார் என்பதை அங்கே வெளியிடுவதாக ஏற்பாடு. விரும்பியவர் ஓர் ஆண் என்பது அரங்கத்தின் நடுவில், எல்லார் முன்னிலையிலும் அவருக்குத் தெரியவந்தது. மூன்று நாள் கழித்து அந்த ஆணை அவர் சுட்டுக் கொன்றார். கொலைக் குற்றம் சுட்டவருடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு மனிதரின் அதிர்ச்சியைக் கூட்டத்துக்கு விருந்தாக வைக்கத் திட்டமிட்டவர்கள் கை கழுவிவிட்டுப் போக முடியாது. அந்தப் பகுதி கடைசிவரை ஒளிபரப்பாகவில்லை. சின்சினாட்டி நகர மேயராக இருந்த ஜெர்ரி ஸ்பிரிங்கரின் நிகழ்ச்சியோ, அரசியல் பேச்சில் தொடங்கி நாற்காலி வீச்சில் போய் நின்றது. அது 2018 வரை ஓடியதை நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது.

தமிழிலும் இதே பாதையில் போயிருக்கிறோம். குடும்பத் தகராறுகளைக் கேமராவின் முன்னால் அவிழ்த்துக் கொட்டிய 'சொல்வதெல்லாம் உண்மை'க்கு 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். இவ்வகை நிகழ்ச்சிகளை எடைபோட நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தனக்கு என்ன நடக்கப்போகிறது என்பது முன்கூட்டியே தெரியுமா, பிடிக்காவிட்டால் அவர் எழுந்துபோக வழி இருக்கிறதா? டோனஹியூவின் அரங்கத்தில் பெரும்பாலும் இருந்தது. பின்னால் வந்த பலரிடம் இல்லை. தன் நிகழ்ச்சியும் கொஞ்சம் சறுக்கியதை உணர்ந்த ஓப்ரா, தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பாதையிலிருந்து விலகிக்கொண்டார். விலகிய பிறகும் அவருடைய நிகழ்ச்சி பல ஆண்டுகள் முதலிடத்தில் நின்றது என்பதைத் தயாரிப்பாளர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கேள்வி: விசுவின் 'அரட்டை அரங்கம்' போல இனி ஒன்று வருமா?
(தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், வசிக்கும் முன்னாள் தோட்டவாசி)

சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14-இல் தொடங்கியது. அதில் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த 'அரட்டை அரங்கம்' ஊர் ஊராகப் போய் மேடை போட்டது. அதுவரை சபையில் வாய் திறந்திராத பள்ளிப் பிள்ளைகளும் கூலித் தொழிலாளிகளும் வரதட்சணையைப் பற்றியும் குடியைப் பற்றியும் முதியோர் இல்லத்தில் விடப்பட்ட பெற்றோரைப் பற்றியும் பேசினார்கள். விசு சில நேரங்களில் அழுகையைக் கொஞ்சம் நீட்டித்தார் என்பது என் கருத்து. ஆனாலும் பேசவந்தவரை அவர் ஒருபோதும் சிறுமைப்படுத்தியதில்லை. 2006-இல் விஜய் தொலைக்காட்சியில் வந்த 'நீயா நானா' இரு தரப்பாரை எதிரெதிரே உட்காரவைத்தது. அதில் நெறியாளர் கோபிநாத்தின் திறமை பெரிது என்றாலும், வருகிறவர் தன் தரப்பை வெல்லவைக்க வருகிறார். அரட்டை அரங்கத்துக்கு வந்தவர் தன் கதையைச் சொல்ல வந்தார். நம் நாட்டில் ஆஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசையான வானவில்லின் 'விழுதுகள்' நம்மவர் பிரச்சினைகளை நம்மவர் வாயால் கேட்கவைத்த நல்ல முயற்சி. இன்னும் பரவலாகப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

வருமா என்று கேட்டால், நிகழ்ச்சி வரலாம். ஆனால் அதை ஒரே நேரத்தில், ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்க ஆள் கிடைப்பது கடினம். தோட்டம் துண்டாடப்பட்டபோது ஒரு லயத்தில் இருந்தவர்கள் நான்கு தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பிரிந்து போனார்கள். அவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்டு பார்க்கிறார்கள். ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது.

கேள்வி: எங்கள் பழைய தோட்டத்து மக்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டி, அந்நாளைய பேச்சு நிகழ்ச்சி போல ஒன்றை நடத்த விரும்புகிறோம். யோசனை சொல்லுங்கள்.
(இளைஞர் குழு, சுங்கை சிப்புட்)

மனமார வாழ்த்துகிறேன். முதல் வேலையாக, மேடையையும் மாலை மரியாதையையும் விட்டுவிடுங்கள். தலைமையுரை, சிறப்புரை என்று தொடங்கினால் பிரமுகர்கள் பேசி முடிப்பதற்குள் பெரியவர்கள் களைத்துப்போவார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கம்பியில்லா ஒலிவாங்கியோடு உங்களில் ஒருவர் பேசுகிறவரிடமே போகட்டும். முட்டி வலிக்கிற ஆயாவை எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்.

"அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு பேச்சு நின்றுவிடும். மழை பெய்து வெட்டு இல்லாத நாளில் வீட்டில் என்ன சமைத்தீர்கள், ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) பிள்ளையை விட்டுப் போகும்போது யாரிடம் சொல்லிவிட்டுப் போவீர்கள், ஒட்டுப்பால் (மரத்திலும் மங்கிலும் ஒட்டிக் காய்ந்த பால்) காசை யார் கையில் கொடுப்பீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். தானாகப் பேச்சு வரும். ஒருவர் பேசி நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் சற்றுப் பொறுங்கள், பெரும்பாலும் சொல்லவந்தது அதற்குப் பிறகுதான் வெளியே வரும். குடி, அடி, நிலம் பறிபோனது போன்றவற்றைப் பேச விரும்புகிறவர்களிடம் முந்தின நாளே வீட்டுக்குப் போய் விவரம் சொல்லுங்கள். அவர்கள் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம்.

கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பதிவின் ஒரு பிரதியைப் பேசியவருடைய வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, முழுவதையும் அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு மட்டும் யூடியூபில் ஏற்றுங்கள்.