விதையில் நோ என்றால் விதையில் நோ என்றே சொல்லுங்கள்

கேள்வி: வயது 19, வெள்ளவத்தை. இரண்டு மாதத்துக்குள் மூன்று தடவை, நித்திரையில் இருக்கும்போது இடது விதையில் திடீரென்று தாங்க முடியாத நோ. அரை மணித்தியாலத்தில் தானாகவே போய்விட்டது. கடைசித் தடவை சத்தியும் வந்தது. இடது பக்கம் சற்றுத் தாழ்ந்தும் இருக்கிறது. பனடோல் போட்டேன். இணையத்தில் பார்த்தால் புற்றுநோய் என்கிறார்கள். கைப்பழக்கத்தால் வந்ததோ என்றும் பயம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பதில்: தம்பி, கைப்பழக்கத்துக்கும் இந்த நோவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இரண்டு மாதமாக உங்களை வாய் திறக்க விடாதது அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். இடது விதை தாழ்ந்திருப்பது பெரும்பாலான ஆண்களுக்கு உள்ளதே. விதையில் வரும் புற்றுநோய் அநேகமாக நோவில்லாத கட்டியாகத்தான் கைக்குத் தட்டுப்படும். இணையத்தை மூடிவிடுங்கள்.

நான் கவலைப்படுவது சத்தி வந்த அந்த இரவைப் பற்றி. விதை முறுகிக்கொண்டு, பிறகு தானாகவே திரும்பியிருக்கலாம். விதை ஒரு நாணில் தொங்குகிறது; அதற்கு இரத்தம் போகும் குழாயும் அந்த நாணுக்குள்தான். சிலருக்குப் பிறவியிலேயே உறை விதையைச் சரியாகப் பிடித்திராது. கோயில் மணியின் நாக்குப் போல அது ஆடும். ஆடுவது சுழன்றால் நாண் முறுகி இரத்தம் நின்றுவிடும். பந்து பட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை, நித்திரையிலும் வரும். 12 முதல் 18 வயது வரை அதிகம் காண்கிறோம், 19 ஒன்றும் தூரமில்லை.

அடுத்த தடவை அது திரும்பாமலே நின்றால், 6 மணித்தியாலத்துக்குள் முறுக்கை எடுத்தால் விதை பெரும்பாலும் தப்பும். ஒரு நாள் கடந்தால் தப்புவது அரிது. பனடோல் நோவைக் கொஞ்சம் அடக்கும், முறுக்கை அவிழ்க்காது. பார்மசியில் கேட்டு வாங்கும் அன்டிபயோடிக்கும் அப்படித்தான். கிருமித் தொற்று என்றால் நோ பொதுவாக மெல்ல மெல்லக் கூடும், காய்ச்சலும் சலம் போகும்போது எரிவும் இருக்கலாம். ஆனால் எது எதென்று பிரித்துப் பார்ப்பது எங்கள் வேலை, உங்களுடையதல்ல.

நான் பயிற்சி வைத்தியராக இருந்தபோது 16 வயதுப் பையன் ஒருவன் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தான். முதல் நாள் வேறோர் இடத்தில் "வயிற்றுவலி" என்றிருக்கிறான். இதில் அடிவயிறும் நோகும், ஆகவே அது முழுப் பொய்யும் அல்ல. கேஸ்ட்ரிக் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காற்சட்டையை இறக்கிப் பார்க்காதது வைத்தியரின் பிழை, அவனுடையதல்ல. சத்திரசிகிச்சையில் திறந்தபோது விதை நாவற்பழம் போலக் கறுத்திருந்தது. எடுக்க வேண்டியதாயிற்று. ஏனடா சொல்லவில்லை என்று கேட்டேன். "அம்மா பக்கத்தில் நின்றா, டொக்டர்."

அவனை நான் குறை சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் அந்த உறுப்புக்கு வாயால் சொல்லக்கூடிய பெயரே கிடையாது. பையன்கள் அறிந்த சொல் தூஷணமாக அறிந்த சொல். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வான்? "விதை" என்ற சொல்லில் ஒரு கூச்சமும் இல்லை. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நோ இல்லாவிட்டாலும் இந்த வாரமே சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டுங்கள். மூன்று தடவை வந்ததையும் சத்தியையும் மறைக்காமல் சொல்லுங்கள். தேவை என்று கண்டால் இரண்டு விதைகளையும் தையல் போட்டு, சுழலாமல் நிறுத்திவிடுவார்கள்.

அதற்குள் திரும்ப வந்தால், அரை மணித்தியாலத்தில் போய்விடும் என்று படுத்திருக்க வேண்டாம். தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரலாம். 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள், அல்லது ஓட்டோவில் ஏறுங்கள். உங்களுக்குக் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட. முதலில் வெளியில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு போவோம் என்று காலி வீதியில் அலைய வேண்டாம். வழியில் நோ நின்றாலும் திரும்பி வராமல் உள்ளே போய்க் காட்டுங்கள்.

அம்மாவிடம் இன்றைக்கே, தேத்தண்ணி ஊற்றும் நேரத்தில், "அம்மா, எனக்கு இடைக்கிடை விதையில் நோகுது, டொக்டரிட்டப் போகவேணும்" என்று சொல்லுங்கள். அவருக்கு விவரம் தெரியாவிட்டாலும் கூட வருவார். நா எழவே இல்லையென்றால் அப்பாவிடமோ மாமாவிடமோ சொல்லுங்கள். கிளினிக்குக்கு யாரும் கூட வராவிட்டாலும் பரவாயில்லை, உங்களுக்கு 19 வயது, தனியாகவே போகலாம்.