செல்லுக்குள் ஒரு குளம்: கால்சியம் பற்றிச் சில கேள்விகள்

இன்சுலின் சுரக்கக் கால்சியம் வெளியிலிருந்து வருகிறது என்று ஒரு புத்தகமும், உள்ளேயிருந்து வருகிறது என்று இன்னொன்றும் சொல்கின்றன. எது சரி சார்? – விலங்கியல் மாணவி, பாளையங்கோட்டை

இன்சுலினுக்கு முதல் புத்தகம்தான் சரி. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் குளுக்கோஸ் எரிந்து, செல்லின் எரிபொருளான ஏடிபி கூடியதும் பொட்டாசியம் வாயில்கள் அடைபடும். சர்க்கரை நோய்க்குத் தரும் கிளிமிபிரைடு மாத்திரையும் இதே வாயிலைத்தான் அடைக்கிறது. உடனே சவ்வின் மின்னழுத்தம் மாறி, வெளியே நிற்கும் கால்சியம் உள்ளே பாய்கிறது. செல்லுக்குள் சேமித்து வைத்திருக்கும் கால்சியம் அங்கே துணைக்குத்தான்.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில், எல்ஹெச் என்ற இனப்பெருக்க ஹார்மோனைச் சுரக்கும் செல் வேறு ரகம். ஹைப்போதலாமஸின் ஹார்மோன் வந்து தொட்டதும் ஐபி3 என்ற சிறு மூலக்கூறு உருவாகி, செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் எண்டோபிளாச வலையில் இருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடும். அது அலை அலையாக ஏறி இறங்கும். ஐபி3-க்கு இந்த வேலை உண்டு என்று 1983-ல் காட்டியது கணையத்து செல்களில்தான். ஆனால் அவை செரிமான நொதி சுரப்பவை, இன்சுலின் செல்கள் அல்ல. தேர்வில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

இதை வகுப்பில் நம்மூர்க் குளத்தை வைத்து விளக்கலாமா? – ஆசிரியர், அம்பாசமுத்திரம்

தாராளமாக. எண்டோபிளாச வலை குளம், அதைச் சுற்றியுள்ள செல்லின் உள்திரவமான சைட்டோபிளாசம் வயல். வலையின் சவ்வில் கால்சியத்தைத் திறந்துவிடும் ஐபி3 ஏற்பியும் ரையனோடின் ஏற்பியும் மடைகள். ஆனால் இந்த வயல் எப்போதும் காய்ந்தே கிடக்க வேண்டும். அங்கே கால்சியம் சுமார் 100 நானோமோலார்தான். வெளியே ரத்தத்தில் ஏறக்குறைய 1.2 மில்லிமோலார், அதாவது பத்தாயிரம் மடங்குக்கும் மேல். வலைக்குள் சில நூறு மைக்ரோமோலார். வயல் அவ்வளவு காய்ந்திருப்பதால்தான் கொஞ்சம் கசிந்தாலும் செல்லுக்கு அது சேதியாகிறது.

உதாரணம் இடிக்கும் இடத்தையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். தாமிரபரணிக் கால்வாயில் தண்ணீர் தானாக ஓடிவந்து குளம் பெருகும். செல்லின் குளமோ மேட்டில் இருக்கிறது, பம்புசெட்டு போட்டு ஏற்றவேண்டும். செர்கா என்ற அந்தப் பம்பு, ஒரு ஏடிபியைச் செலவழித்து இரண்டு கால்சியத்தை ஏற்றுகிறது. குளம் வற்றினால் ஸ்டிம்1 என்ற காவல்காரன் அறிந்துகொண்டு, வெளிச்சவ்வில் உள்ள ஓராய்1 வாயிலைத் திறக்கச் செய்யும். இந்த இரண்டும் 2005, 2006-ல்தான் பிடிபட்டன. நான் படித்த காலத்தில் அந்த இடத்தில் கேள்விக்குறிதான் இருந்தது. குளம் வற்றியே கிடந்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. இன்சுலினின் முன்வடிவமான புரோஇன்சுலின் ஒழுங்காக மடிவதும் இதே வலைக்குள்தான், அதற்கும் கால்சியம் வேண்டும்.

வந்த கால்சியம் உள்ளிருந்தா, வெளியிலிருந்தா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? – ஆய்வக உதவியாளர், தென்காசி

செல்லைக் கால்சியம் இல்லாத கரைசலில் வைத்துத் தூண்டுவார்கள். அப்போதும் உள்ளே அளவு ஏறினால் அது குளத்துத் தண்ணீர். அடுத்து தாப்சிகார்கின் என்ற தாவர நஞ்சால் செர்காவை நிறுத்தினால் குளம் தானாகக் கசிந்து காலியாகும். பிறகு தூண்டினாலும் ஏறாது. கரைசலுக்குக் குழாய்த் தண்ணீரை மட்டும் எடுக்காதீர்கள். லண்டனில் சிட்னி ரிங்கரின் ஆய்வகத்தில் அப்படி நடந்ததால்தான் தவளை இதயம் தொடர்ந்து துடித்தது. காய்ச்சி வடித்த நீருக்கு மாறியதும் துடிப்பு ஓய்ந்தது. அந்தத் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் காரணம் என்று 1883-ல் அவர் எழுதினார். நம் ஆற்றுத் தண்ணீரிலும் கால்சியம் உண்டு.

செல்லுக்குள் ஹார்மோனைச் சேமித்து வைக்கும் சிறு பொதிகளுக்குள்ளேயே நிறையக் கால்சியம் இருக்கிறதாமே? மைட்டோகாண்ட்ரியாவும் சேமிப்பிடமா? – மருத்துவ மாணவர், திருநெல்வேலி

இருக்கிறது. அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியான மெடுல்லாவின் பொதிகளில் மொத்தக் கால்சியம் பத்து மில்லிமோலாருக்கும் மேல். ஆனால் ‘மொத்தம்’ என்ற சொல்லில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அதில் பெரும்பங்கு குரோமோகிரானின் புரதத்திலும் ஏடிபியிலும் ஒட்டிக்கிடக்கிறது. கட்டில்லாமல் திரிவது மிகச் சிறு பங்கு. பொதி வெடித்து ஹார்மோன் வெளியேறும்போது இந்தக் கால்சியமும் கூடவே வெளியே போய்விடும். பொதி தன் கால்சியத்தை சைட்டோபிளாசத்துக்குள் விடுமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. என்னைக் கேட்டால், பொதி குதிரில் கொட்டிய நெல் மாதிரி. அன்றாடச் செலவுக்குக் கை போவது வலைக்குத்தான்.

மைட்டோகாண்ட்ரியாவையும் கேட்டிருந்தீர்கள். அது சேமிப்பிடம் என்பதைவிட, மடைவாயில் நின்று அள்ளிக்கொண்டு மெல்லத் திருப்பித் தரும் இடம்.

வெற்றிலைச் சுண்ணாம்பில் இருப்பதும் இதுதானா?

தனிமம் ஒன்றே. தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லில் கார்பனேட்டோடு கட்டுண்டு கிடக்கிறது. செல்லில் அயனியாகக் கரைந்து உலவுகிறது.

எனக்கு 72 வயது, சர்க்கரையும் உண்டு. கால்சியம் மாத்திரை போட்டால் இன்சுலின் கூடச் சுரக்குமா? – கல்லிடைக்குறிச்சி

சுரக்காது அய்யா. வழக்கமான அளவில் மாத்திரை போட்டால், ரத்தத்தில் கால்சியத்தை ஏறக்குறைய ஒரே அளவில் நிறுத்த கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி காவல் இருக்கிறது. எலும்புக்காக டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் அதற்காகச் சாப்பிடுங்கள்.

பாராதைராய்டு ஒரு விசித்திரப் பிறவி. ரத்தத்தில் கால்சியம் ஏறினால் அதன் செல்லுக்குள்ளும் மடை திறந்து கால்சியம் ஏறும். சுரக்கும் செல்களில் பெரும்பாலானவற்றுக்கு அது ‘சுரந்துவிடு’ என்ற கட்டளை. இங்கேயோ ‘நிறுத்து’.