சிறுநகரத்தில் வீட்டு இணைய இணைப்பு: கட்டணத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: நாங்கள் சங்கரன்கோவிலில் குடியிருக்கிறோம். மகள் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மகன் பிளஸ் டூ படிக்கிறான். எங்கள் தெருவில் பி.எஸ்.என்.எல். ஃபைபர், ஜியோ ஏர்ஃபைபர், உள்ளூர் கேபிள்காரர் தரும் இணைப்பு ஆகிய மூன்றும் கிடைக்கும் என்கிறார்கள். கேபிள்காரர் மற்ற இரண்டையும்விடக் குறைந்த கட்டணத்தில் 100 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 100 மெகாபிட்) வேகம் தருவதாகச் சொல்கிறார். எதை எடுக்கலாம்?

பதில்: உங்கள் வீட்டுக்கு 100 எம்.பி.பி.எஸ். கட்டாயமில்லை. ஒரு வீடியோ மீட்டிங்குக்கு 4 எம்.பி.பி.எஸ். அளவே போதும்; எச்.டி. தரத்தில் படம் பார்க்க 5 போதும். எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் 30 முதல் 50 எம்.பி.பி.எஸ். வரையுள்ள திட்டம் தாராளமாகத் தாங்கும். மகளின் வேலைக்கு அப்லோடு வேகமும் தேவைப்படும் என்பதால், டவுன்லோடுக்குச் சொல்லும் வேகமே அப்லோடுக்கும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக விசாரிக்க வேண்டியவை இரண்டு: வயர் உங்கள் வீடுவரை எப்படி வருகிறது, அது அறுந்தால் யார் எத்தனை நாளில் வந்து சரிசெய்கிறார்.

முதலாவதை நீங்களே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கேபிள்காரரிடம் இணைப்பு வாங்கியுள்ள பக்கத்து வீட்டுக்குப் போய், மோடத்தில் செருகியுள்ள வயரைப் பாருங்கள். மெல்லிய வயர் ஒன்று பச்சை அல்லது நீல நிறச் செருகியுடன் மோடத்துக்குள் போய், முன்பக்கத்தில் பான் (PON), லாஸ் (LOS) என்ற விளக்குகள் இருந்தால் வீடுவரை ஃபைபர் வந்திருக்கிறது. அப்படியில்லாமல், சற்றுப் பருத்த வயர் ஒன்று ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் முனையுடன் நேராக வைஃபை ரௌட்டரில் செருகப்பட்டிருந்தால், ஃபைபர் தெருமுனைப் பெட்டியோடு நின்றுவிட்டது, அங்கிருந்து செம்புக் கம்பி கொண்ட லேன் கேபிள்தான் வீட்டுக்கு வருகிறது என்று பொருள்.

இந்த வேறுபாடு சிறுநகரத்தில் பெரிய வேறுபாடு. வீடுவரை ஃபைபர் வரும் அமைப்பில் நிறுவனத்தின் நிலையத்துக்கும் உங்கள் மோடத்துக்கும் இடையில் பொதுவாக மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இருப்பதில்லை. லேன் கேபிள் அமைப்பில், இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தர தெருமுனைப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்விட்ச் என்ற கருவி, பக்கத்துக் கடையிலிருந்தோ வீட்டிலிருந்தோ எடுக்கும் மின்சாரத்தில் ஓடுகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணை மின்நிலையத்தில் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தும் நாளில், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் அந்தப் பெட்டி அணைந்துவிட்டால் மகளின் வேலை நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி இடிக்கும்போது செம்புக் கம்பி வழியாக மின்னழுத்தம் பாய்ந்து ரௌட்டரின் போர்ட் எரிந்துபோவதும் இத்தகைய இணைப்புகளில் வழக்கம். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அந்த வழியில் மின்சாரம் பாயாது.

கேபிள்காரர் வீடுவரை ஃபைபர் தருகிறார் என்றால் அவரை ஒதுக்க வேண்டியதில்லை. பழுது பார்ப்பதில் உள்ளூர்க்காரர் பல ஊர்களில் முந்திக்கொள்கிறார். பி.எஸ்.என்.எல். ஃபைபரும் பெரும்பாலும் வருவாய்ப் பங்கீட்டு முறையில் உள்ளூர்ப் பங்குதாரர்கள் மூலமாகவே வீடுகளுக்கு வருகிறது, பில்லில் பி.எஸ்.என்.எல். என்று இருந்தாலும், லாரி இழுத்து ஃபைபர் கட் ஆனால் ஏணியோடு வருபவர் அந்தப் பங்குதாரரின் ஆள். ஆகவே உங்கள் தெருவில் கேபிள்காரர் இணைப்போ பி.எஸ்.என்.எல். இணைப்போ வைத்திருப்பவர்களிடம், போன மழைக்காலத்தில் ஃபைபர் அறுந்து மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தபோது எத்தனை நாளில் சரியானது, ஞாயிற்றுக்கிழமை அழைத்தால் வந்தார்களா என்று கேளுங்கள். யார் விரைவாக வருகிறாரோ அவரிடம் எடுங்கள். மாதம் ஐம்பது, நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை என்பது என் கருத்து.

2023 செப்டம்பரில் சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் தொடங்கிய ஜியோ ஏர்ஃபைபர், மொட்டைமாடியில் பொருத்தும் கருவி மூலம் 5ஜி சிக்னலைப் பெற்று வீட்டுக்குள் தருகிறது. தெருவில் அறுந்துபோக வயர் இல்லை என்பது அதன் பலம். ஆனால் அதே டவரைக் கைபேசிக்காரர்களும் பகிர்ந்துகொள்வதால், இரவு எட்டு மணிக்கு மேல் வேகம் குறைய வாய்ப்புண்டு. ஃபைபர் வராத தெருவுக்கு இது நல்ல வழி. உங்களுக்கு இரண்டாவது தேர்வாக இருக்கட்டும்.

எதை எடுத்தாலும் மோடத்துக்கென்று சிறிய யு.பி.எஸ். ஒன்று வாங்குங்கள். அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைக் குறித்துக்கொண்டு போய், அதற்குப் பொருந்துவதையே வாங்க வேண்டும்.

கேள்வி: மாதம் 499 ரூபாய் என்றுதான் விளம்பரத்தில் இருந்தது. இப்போது கூடுதலாகக் கேட்பதோடு, ஆறு மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்கிறார்கள். சரிதானா?

பதில்: 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 499 ரூபாய் 588.82 ஆகும், அதற்கு மேல் கேட்டால் எதற்கென்று எழுதி வாங்குங்கள். முதல் இரண்டு மாதங்களாவது மாதக் கட்டணமாகவே செலுத்திப் பாருங்கள். மோடத்துக்கு வாங்கும் தொகை திரும்பக் கிடைக்கும் டெபாசிட்டா, திரும்பாத கட்டணமா என்பது ரசீதில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் ரொக்கம் மட்டும் வாங்கும் இணைப்பை எடுக்காதீர்கள். பின்னால் புகார் செய்ய உங்கள் கையில் எந்த ஆதாரமும் இருக்காது.

கேள்வி: ஐந்து நாளாக இணைப்பு இல்லை. அழைத்தால் "நாளைக்கு ஆள் வரும்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: லைன்மேனிடம் சொல்வது புகாராகாது. பில்லில் யார் பெயர் உள்ளதோ அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பதிவுசெய்து புகார் எண் வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, தீர்வு கிடைக்காவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் முறையிடலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சேவைத்தர விதிமுறைகளின்படி, பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் கட்டணக் கழிவும் கேட்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டை அந்த ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருக்கிறது. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. சிவப்பு விளக்கு எரியும் மோடத்தைத் தேதி தெரியும்படி இன்றே படம் எடுத்து, புகார் எண்ணோடும் கட்டண ரசீதோடும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.