கார் குறைந்தால் ஊர் முடங்குமா? கேள்வி பதில்

பேருந்துத் தடங்களுக்குக் கால அட்டவணை போடுவது என் வேலை. ஊருக்குள் கார்களைக் குறைக்க வேண்டும் என்பது என் கட்சி. அதையொட்டிக் கேளுங்கள்.

கே: சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீராதா?
தீராது. இடம் கிடைத்ததும் புது வண்டிகள் வந்து நிரப்பிவிடும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலையை 2008 வாக்கில் பெரிதாக விரித்தார்கள். சில ஆண்டுகளில் அலுவலக நேரப் பயணம் மறுபடி நீண்டது.

கே: பேருந்து எங்கே வருகிறது என்று செயலி காட்டினால் போதாதா?
40 நிமிடத்துக்கு ஒரு பேருந்து ஓடும் தடத்தில் செயலி 'இன்னும் 37 நிமிடம்' என்று காட்டும், அவ்வளவுதான். முதலில் ஒரு பேருந்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். போய்வர 120 நிமிடம் ஆகும் தடத்தில் 12 வண்டி ஓடினால் 10 நிமிடத்துக்கு ஒன்று. பேருந்துக்கெனத் தனி வழி விட்டு அதை 90 நிமிடமாக்கினால், அதே 12 வண்டியில் ஏழரை நிமிடத்துக்கு ஒன்று! புது வண்டி ஒன்றுகூட வாங்கவில்லை.

கே: மின்சாரக் கார்?
புகை குறையும். அடைக்கும் இடம் குறையாது.

கே: தானாக ஓடும் கார்?
அதுவும் அதே இடத்தை அடைக்கும். ஆளில்லாமல் சுற்றினால் இன்னும் மோசம்.

கே: நெரிசல் கட்டணத்தை மக்கள் ஏற்பார்களா?
நகரின் நடுப்பகுதிக்குள் வண்டி வந்து போகக் கட்டணம் வாங்குவதை ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 2006-இல் ஏழு மாதம் சோதித்தார்கள். அந்தப் பகுதியின் எல்லையைத் தாண்டும் வண்டிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பிறகு நடந்த வாக்கெடுப்பில் நகர மக்கள் ஆதரித்தார்கள், 2007-இல் நிரந்தரமானது.

கே: என் அம்மாவுக்கு மூட்டுவலி. காரை விரட்டினால் அவர் வீட்டிலேயே முடங்குவார். உங்களுக்கு இதெல்லாம் புரியாது.
அம்மாவை வாசலில் இறக்கிவிடும் வண்டியைத் தடுக்கச் சொல்லவில்லை. தனியாளாக வரும் நூறு கார்கள்தான் அந்த வண்டியையும் மறிக்கின்றன.

கே: சக்கர நாற்காலியில் போகிறவன் நான். அவரும் நீங்களும் கார், பேருந்து என்கிறீர்கள். நிறுத்தம் வரை நான் எப்படிப் போவது?
நியாயம். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒருமுறை சக்கர நாற்காலிக்காரர் ஒருவருடன் நிறுத்தம் வரை போனேன். வெறும் 300 மீட்டர், 25 நிமிடம் ஆனது. சாய்தளத்தை மறித்து ஒரு கார் நின்றதால் வண்டிகளுக்கு நடுவே சாலையில் இறங்கிப் போனோம். வந்த பேருந்தும் ஓரங்கட்டவில்லை. படிக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அவர் ஏறவே இல்லை. இடைவெளி என்று நான் ஓயாமல் சொல்வதில் அந்த ஒரு முழமும் சேர்த்தி.

கே (அம்மாவுக்காகக் கேட்டவர்): அப்படியானால் நடைபாதையைச் சரிசெய்த பிறகு காரைத் தொடுங்கள்.
அந்தச் சாய்தளத்தில் நின்றதே கார்தான், ஐயா. இரண்டும் ஒரே வேலை.

கே: மேம்பாலம் கட்டினால்?
முதல் பதிலைப் படியுங்கள். சியோலில் இருந்த உயர்மட்டச் சாலையையே 2003-இல் இடிக்கத் தொடங்கி, 2005-இல் அந்த இடத்தில் ஓடையைத் திறந்துவிட்டார்கள்.