கேள்வி–பதில்: தெருவில் பாடும் கிறிஸ்துமஸ் பாட்டு

கேள்வி: எங்கள் இளைஞர் குழுவில் கிதார், ஆர்மோனியம், டோலக் உண்டு. இந்த வருடம் கேரல் ரவுண்ட்ஸில் (வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டு பாடுவதில்) அமெரிக்க கன்ட்ரி பாணியில், அதாவது அங்குள்ள கிராமியப் பாட்டு பாணியில், பாட ஆசை. சாண்டாவும் பனி வண்டியும் வேண்டாம், இயேசு பிறப்பைச் சொல்லும் பாட்டாக இருக்க வேண்டும். போன வருடம் நாலாவது வீட்டிலேயே பெண்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது.
– வாசகர், கும்பகோணம்

பதில்: கன்ட்ரி பாடகர்களின் கிறிஸ்துமஸ் ஆல்பங்களில் பாதி, வீடு திரும்புவதையும் காதலியையும் பற்றியதுதான். அதனால் மெட்டைக் கேட்டு மயங்கும் முன் வரிகளை எழுதிப் பாருங்கள். தொழுவம், மரியாள், மேய்ப்பர், நட்சத்திரம் எதுவுமே வரவில்லை என்றால் விட்டுவிடலாம்.

'மேரி, டிட் யூ நோ' நல்ல தேர்வு, ஆனால் தெருவுக்கு அல்ல. மார்க் லோரி 1984-இல் வரிகளை எழுத, பட்டி கிரீன் 1991-இல் மெட்டமைத்தார். கன்ட்ரி பாடகர்கள் கென்னி ரோஜர்ஸும் வைனோனாவும் 1996-இல் பாடிய பிறகு கன்ட்ரி ரசிகர்களிடமும் பரவியது. அடுக்கடுக்காகத் தாயிடம் கேள்வி கேட்கும் பாட்டு அது, ஒற்றைக் குரலில்தான் நிற்கும். ஆலயத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று பாட, 'கோ டெல் இட் ஆன் தி மவுண்டன்' பொருத்தம். கறுப்பின மக்களின் பக்திப்பாட்டு. ஒருவர் சரணத்தை எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம், மனப்பாடம் குறைவு.

தொண்டை கட்டியதற்குச் சுருதிதான் காரணமாக இருக்கும். 'சைலண்ட் நைட்'டைப் பாருங்கள். மெட்டு கீழ் ஸட்ஜத்திலிருந்து (ஸ) மேல் மத்யமம் (ம) வரை போகிறது. 1 கட்டையில் (ஆர்மோனியத்தின் 'சி' வெள்ளைக் கட்டையை ஸ-வாக வைத்து) எடுத்தால் உச்சம் மேல் 4 கட்டையில் நிற்கும், பயிற்சியில்லாத குரல் கிறீச்சிடும். அதற்குக் கீழே உள்ள 6 கட்டையில் ('ஏ') எடுங்கள், உச்சம் மேல் 2 கட்டையோடு முடிந்துவிடும். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்ளட்டும். கிதாரில் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி ஜி, சி, டி பிடித்தால் அதே சுருதி வந்துவிடும். மூன்றே கார்டு போதும். 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃபில் அந்தப் பாட்டு முதன்முதலில் பாடப்பட்டபோதும் கூட வாசித்தது கிதார்தான்.

கிதாருக்குச் சுருதி கூட்ட, போனில் இருக்கும் டியூனர் ஆப்பை நம்பாதீர்கள். பழைய ஆர்மோனியங்கள் பல சற்று விலகியே ஒலிக்கும், அவற்றின் ரீடை (ஒலி எழுப்பும் உலோக நாக்கை) நின்ற இடத்தில் திருத்த முடியாது. கிதாரைத்தான் அதற்குச் சேர்க்க வேண்டும், அதுவும் வெளியே வந்து பத்து நிமிடம் கழித்து. மார்கழிப் பனியில் டோலக் தோல் தளர்ந்து 'பொத பொத' என்று ஒலிக்கும். வீட்டுக்கு வீடு கயிற்று வளையத்தை இழுத்து விடுங்கள். நெருப்பில் காட்டுவதானால் இரண்டு அடி தள்ளி, நொடிக்கணக்கில்தான். கிட்டே போனால் தோல் வெடிக்கும்.

'சைலண்ட் நைட்'டுக்குத் திஸ்ரம் ('தகிட' என்ற மூன்றெண்ணிக்கை) போதும். 'த' இடது கையில் கனமாக, 'கிட' வலது கையில் விரல் நுனியால். பழக்கதோஷத்தில் நாலெண்ணிக்கைக் குத்துக்குப் போனால் பாலகன் தூங்க மாட்டார்!

கேள்வி: ஆங்கிலப் பாட்டைத் தமிழாக்கிப் பாடினோம், கேட்டவர்கள் சிரித்துவிட்டார்கள். எங்கே பிசகு?
– வாசகி, தரங்கம்பாடி

பதில்: நீண்ட ஸ்வரத்தில் குறில் விழுந்திருக்கும். 'மரியின் மடியில்' என்ற வரியை இழுத்துப் பாடினால் 'மரியின் மாடியில்' என்று கேட்கும். குழந்தை மொட்டை மாடிக்குப் போய்விடும். இழுக்கும் இடத்தில் 'தாயின்', 'பாலன்', 'மீட்பர்' போல நெடில் வரட்டும். ஆங்கில வரியின் எல்லாச் சொல்லையும் திணிக்காதீர்கள், ஒரு வரிக்கு ஒரு செய்தி போதும். மெட்டுக்கு ஏற்பத் தமிழை எப்படி வளைப்பது என்று பார்க்க, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) 'பெத்லகேம் குறவஞ்சி'யை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். உங்கள் ஊர்ப்பக்கத்துச் சரக்கு, அமெரிக்கா வரை போகத் தேவையில்லை.

கேள்வி: திருவருகைக் காலத்திலேயே (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய காலம்) பிறப்புப் பாட்டு பாடலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: தெருவில் தாராளமாக. கத்தோலிக்க ஆலயத்தில் அந்த ஞாயிறுகளின் திருப்பலியில் 'உன்னதங்களிலே' கீதமே பாடுவதில்லை. அங்கே காத்திருப்பைச் சொல்லும் பாட்டுகளை எடுங்கள். பிறப்புப் பாட்டுகளுக்கு டிசம்பர் 24 இரவிலிருந்து ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை நாள் இருக்கிறது.