எக்ஸ்ரேல ஒன்னுமில்லங்கறாங்க, ஆனா வலி போகல, என் வீட்டுக்காரர் நடிக்கிறாரா?

கேள்வி கேட்ட சகோதரியோட வீட்டுக்காரர் கூடலூர் பக்கம் எஸ்டேட்ல இலை மூட்டையோட சரிவுல இறங்கறப்ப வழுக்கி விழுந்து இடுப்புல அடி. ஏழெட்டு மாசம் ஆயிருச்சு, எக்ஸ்ரே நார்மல், ஆனா மனுஷன் குனிஞ்சு ஒரு குடம் எடுக்க முடியல. மேஸ்திரில இருந்து பக்கத்து லைன் வீட்டுக்காரங்க வரைக்கும் "வேலைக்கு போக சோம்பேறித்தனம்"னு பேச்சு, கேட்டு கேட்டு இப்ப இவங்களுக்கே சந்தேகம் வந்துருச்சு.

நடிக்கலைங்க. அதை மொத சொல்லிடறேன்.

நான் டாக்டர் இல்ல. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை பேக்டரில சிடிசி மெஷின்ல (இலைய நசுக்கி, கிழிச்சு, சுருட்டற மெஷின்) இருந்தவன், வலது கையில ரெண்டு விரல் போச்சு. எப்படி போச்சுங்கறது இங்க வேணாம், பல்லு வெச்ச ரெண்டு ரோலர் எதிரும் புதிருமா சுத்தறத பாத்தவங்களுக்கு சொல்லவே தேவையில்ல. எனக்கு ஆறாத வலி, அவருக்கு வெளிய தெரியாத வலி, வேற வேறதான், ஆனா ரெண்டு பேரும் மாட்டிக்கிட்ட இடம் ஒன்னு.

இடுப்பு எக்ஸ்ரேல தெளிவா தெரியறது எலும்புதான். தசை, ஜவ்வு, நரம்பு, டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கறது) இதெல்லாம் அதுல சரியா தெரியாது, அதனால "எக்ஸ்ரே சுத்தம்"னா எலும்பு உடையலன்னுதான் அர்த்தம், வலி இல்லன்னு அர்த்தம் இல்ல. சரி எம்ஆர்ஐ எடுத்தா தெரிஞ்சிருமான்னா அதுவும் கிடையாது, டிஸ்க் பிதுங்கியிருந்தும் வலியே இல்லாம நடமாடறவங்க எத்தனையோ பேர், ஸ்கேன்ல ஒன்னுமில்லாம படுத்துக்கிடக்கறவங்களும் இருக்காங்க. மூணு மாசத்துக்கு மேல வலி நின்னுச்சுன்னா டாக்டருங்க அதை நாள்பட்ட வலின்னு தனியாவே பாக்கறாங்க, ஏன்னா அதுக்குள்ள பெரும்பாலும் காயம் ஆறியிருக்கும், ஆனா நரம்பு மண்டலம் இன்னும் அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கும், சும்மா தொட்டா கூட அடிக்கும். வலி ஆராய்ச்சிக்கான சர்வதேச சங்கம் 2020ல வலிக்கான விளக்கத்த திருத்துனப்ப கூட, அது உடம்பும் மனசும் சேர்ந்த அனுபவம், ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா அதை மதிக்கணும்னு தெளிவா எழுதி வெச்சிருக்காங்க.

என் விஷயத்துல இல்லாத விரல் நுனி அரிக்கும்! யார்கிட்ட போய் சொல்றது, சொன்னா சிரிப்பாங்க. பிசியோதெரபி பாத்த பொண்ணு சிரிக்கல, ஒரு கண்ணாடிய நடுவுல வெச்சு நல்ல கைய அதுல பாத்துக்கிட்டே விரல மடக்கி நீட்ட சொல்லுச்சு. இந்த கண்ணாடி வைத்தியத்த 1990கள்ல கொண்டு வந்தது வி.எஸ்.ராமச்சந்திரன், நம்ம தமிழ்நாட்டுல பொறந்த நரம்பியல் விஞ்ஞானிதான். எல்லாருக்கும் கேக்கும்னு இல்ல, எனக்கு கொஞ்சம் கேட்டுச்சு. அதைவிட அந்த பொண்ணு நான் சொன்னத நம்புனது இன்னும் கொஞ்சம் கேட்டுச்சு.

நான் சொல்ல வந்ததே இதுதான். அடிபட்டவன வருஷக்கணக்கா வலியில வெச்சிருக்கறது பாதி அடி, மீதி சுத்தி நடக்கறது. சம்பளம் நின்னுருச்சு, சுய உதவிக்குழு தவணை நிக்கல, ராத்திரி தூக்கம் இல்ல, தூக்கம் இல்லாததால காலையில வலி ஜாஸ்தி, வலி ஜாஸ்தின்னு அசையாம படுக்க, படுக்க படுக்க தசை இன்னும் வீக், அப்பறம் அசைஞ்சா இன்னும் வலி, அதனால பயம். இதுக்கு நடுவுல ஒருத்தன் "நல்லாத்தானே இருக்க"ன்னு கேட்டுட்டு போவான். வலி நிஜம்னு காட்டறதுக்காகவே மனுஷன் நொண்ட வேண்டி வரும், நல்லா இருக்கற நாள்ல சிரிக்க கூட யோசிப்பான், சிரிச்சா நடிப்புன்னுடுவாங்களே. இத நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், என் கூட வேலை பாத்த ஒருத்தர் கோயில் திருவிழாவுக்கே போறத நிறுத்திட்டாரு.

குளிரும் ஒரு காரணம், சமவெளிக்காரங்க நம்ப மாட்டாங்க. விரல் போன கைக்கு குளிர் தாங்காது, டிசம்பர் ஜனவரி உறைபனி சமயத்துல காலையில எனக்கு கண்ணுல தண்ணி வந்துரும். கம்பளி கையுறை போடலாம், ஒத்தடம் குடுக்கலாம், ஆனா உணர்ச்சி மரத்துப்போன இடத்துல சுடுதண்ணி பையும் அடுப்பு அனலும் ஜாக்கிரதை, வெந்து போனாலும் தெரியாது.

இப்ப உங்க வீட்டுக்காரருக்கு. படுத்தே கிடக்க விடாதீங்க, ஆனா உடனே மூட்டை தூக்கவும் விடாதீங்க, ரெண்டுமே தப்பு. லைன்ல இருந்து ரோடு வரைக்கும் நடக்கட்டும், நாளைக்கு கொஞ்சம் கூட, வலி இருந்தாலும் அளவோட. இடுப்புக்கான பயிற்சிய ஜிஹெச்ல பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவாங்க, மலைல இறங்கி ஏற முடியலன்னா 2021ல தொடங்குன மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோ பண்றது உண்டு, உங்க பக்கத்து நர்ஸம்மாகிட்ட கேளுங்க. மெடிக்கல்ல தானா வாங்கற வலி மாத்திரைய மாசக்கணக்குல போட வேணாம், வயிறும் கிட்னியும் போயிரும். நரம்பு வலிக்கு வேற மாத்திரை இருக்கு, டாக்டர்தான் எழுதணும், அதை போட்டுக்கிட்டு குடிக்க கூடாது. (குடிக்கற விஷயத்த ஏன் சொல்றேன்னா நம்ம ஊர்ல வலிக்கு மொத மருந்தே அதுதான்.) கால் மரத்துப்போறது, பாதம் தூக்க வராம போறது, ஒன்னுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு இல்லாம போறது, உக்கார்ற இடத்துல உணர்ச்சி இல்லாம போறது, இதுல ஏதாவது வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. ராத்திரில தனியா உக்காந்து "நான் இருந்து என்ன"ன்னு பேசுனா லேசா விடாதீங்க, 14416ங்கற அரசு மனநல உதவி எண்ணுக்கு போன் போட்டா தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

அடுத்து பணம், ஏன்னா பணம் வந்தாதான் தூக்கம் வரும். வேலை நேரத்துல அடிபட்டா நஷ்டஈடு 1923ம் வருஷ சட்டத்துல இருந்தே உண்டு, இப்ப அது 2020 சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்புக்குள்ள வந்துருச்சு. தற்காலிகமா வேலை செய்ய முடியாம இருந்தா அரை மாசத்துக்கு ஒருதடவை மாச சம்பளத்துல 25 சதவீதம், வைத்திய செலவு தனி. நிரந்தர ஊனத்துக்கு ஒரு அட்டவணை இருக்கு, அத படிச்சப்ப எனக்கு கசாப்புக்கடை விலைப்பலகை மாதிரி இருந்துச்சு: கட்டைவிரல் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுசா 14, சுண்டுவிரல் 7, ஒரே கையில ரெண்டு விரல் 20. 40 வயசுல மாசம் 12,000 வாங்குனவருக்கு அந்த 20 சதவீதம்னா, சம்பளத்துல 60 சதவீதம் 7,200, அத 40 வயசுக்கு சட்டத்துல குடுத்திருக்கற காரணி 184.17ஆல பெருக்கி, அதுல 20 சதவீதம், சுமார் 2,65,000 ரூபா. தூக்கம் போனதுக்கு அட்டவணையில இடம் இல்ல. உங்க வீட்டுக்காரர மாதிரி இடுப்பு அடிக்கும் அதுல நேரடியா ஒரு சதவீதம் இல்ல, டாக்டர் எத்தனை சதவீதம் சம்பாதிக்கற திறன் குறைஞ்சுதுன்னு எழுதி குடுக்கணும், அதனாலதான் சந்தேகப்படற பேச்சு வெறும் பேச்சோட நிக்காது, பணத்துலயும் கை வைக்கும்.

விபத்து நடந்த ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடணும்ங்கறது பொது விதி, உங்களுக்கு இன்னும் டைம் இருக்கு. அன்னைக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரில போட்ட சீட்டு, வருகைப் பதிவு, கூட இருந்தவங்க பேரு, எல்லாத்தையும் இப்பவே ஒரு கவர்ல சேருங்க. வக்கீலுக்கு காசு இல்லன்னு விட்டுடாதீங்க, ஊட்டில மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, தொழிலாளிக்கு இலவச வக்கீல் கேக்கற உரிமை 1987 சட்டத்துலயே இருக்கு. லைட் வேலை, எடை போடற இடம் நர்சரி மாதிரி, எழுத்துல கேளுங்க, வாயில கேட்டா வாயிலயே போயிரும். ஒரு காப்பி நீங்க வெச்சுக்கோங்க.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, ஆனா ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து இங்க போட வேணாம், பேரு விலாசம் எல்லாம் இருக்கும்.