கீல் போல்ட்டின் நட்டு பளபளவென்று இருந்தால் போதுமா?

பாய்மரப் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பாகம்தான் கீல் (keel); அதைப் படகோடு பிணைப்பது கீல் போல்ட். நட்டில் துருவே இல்லை, அப்புறம் எதற்குக் கீல் போல்ட்டைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கலே அங்கேதான். நட்டு இருப்பது படகுக்குள், காற்று படும் இடத்தில். அரிப்பு நடப்பதோ படகின் அடிப்பாகமும் கீலும் சேரும் இணைப்பில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவை எதிர்க்க ஆக்சிஜன் வேண்டும். இடுக்கில் தேங்கிய உப்புநீரில் அது கிடைக்காது. போல்ட் அந்த இடத்தில் மட்டும் இடுப்பு போல மெலிந்துவிடும். மேலே நட்டு புதுசாகவே மின்னும்.

படகைக் கரையேற்றும்போது, கிரேன் பட்டையில் தொங்கும் நிலையிலேயே இணைப்பைப் பாருங்கள். கீலின் எடை கீழே இழுப்பதால் இடைவெளி இருந்தால் அப்போது வாய் பிளக்கும். தரையில் வைத்ததும் மூடிக்கொள்ளும். பழுப்புக் கறை வடிந்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்து முடிவுசெய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்ப்பதே நிச்சயம். கழற்ற முடியாவிட்டால் எக்ஸ்ரே.

நட்டை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்), தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கீல் தரைதட்டியிருந்தால் அடுத்த சீசன்வரை காத்திருக்காதீர்கள். 2014இல் அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்த 'சீக்கி ரஃபிகி' அதற்குமுன் பலமுறை தரைதட்டிய படகுதான்.